ஆள் அளவு

மைக் செட் நீங்கள்தானே? வாருங்கள் தோழர், இந்த நிழலில் நில்லுங்கள். சாயாதீர்கள். காரின் மேல் மட்டும் சாயாதீர்கள். உங்கள் பெல்ட் பட்டால் கீறல் விழும், கீறல் விழுந்தால் பெயிண்டர் தேவசகாயம் என்னைத்தான் திட்டுவான். எனக்கு இந்தக் காரின் மேல் ஒரு பிடிப்பும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தனியுடைமைக்கு எதிரானவன். ஆனாலும் சாயாதீர்கள்.

உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். போன வருஷம் இதே கோயம்புத்தூரில், இதே பழைய கார் கண்காட்சியில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்தவர் உங்களுக்கு உறவா? இல்லையா? நல்லது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் தொழிலாளிதான். தூண்டியது யார் என்பதுதான் கேள்வி. இந்த வருஷமும் அது நடக்கக் கூடாது என்றால் நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுவர்கள் இன்னும் அந்தக் கோடி வரிசையிலேயே நிற்கிறார்கள். கேளுங்கள்.

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் கரூர். இடிமுழக்கம் நாச்சிமுத்து என்று சொன்னால் பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்தப் பட்டம் மக்கள் கொடுத்தது. போஸ்டர் வாசகத்தை எழுதியது நான், அச்சகத்துக்குக் கொண்டுபோனது நான், பசை காய்ச்சியதும் நான். ஆனால் பட்டம் மக்களுடையது.

நீங்கள் ஏறி உட்காருகிற பஸ்ஸுக்கு உடம்பு எங்கே கட்டுகிறார்கள் என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? கம்பெனியிலிருந்து எஞ்சினும் சக்கரமும் சட்டமும் மட்டும்தான் வரும். சேஸிஸ் என்பார்கள். கூரை, கதவு, சீட்டு, ஜன்னல் எல்லாம் எங்கள் ஊர் ஷெட்டுகளில் கையால் கட்டுவது. நான் அப்படி ஒரு கம்பெனியில் சேஸிஸ் ஓட்டி உள்ளே நிறுத்துகிற வேலை பார்த்தேன். நடுவில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். மேலே வெயில். அதனால்தான் கூரைகளைக் கண்டு நான் மயங்குவதில்லை. மூன்று முறை என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். நான்காவது முறைக்கு நான் இடம் கொடுக்கவில்லை. அதற்குள் ஓய்வு வயது வந்துவிட்டது.

படிப்பு ஐந்தாவது. மீதி எல்லாம் துண்டறிக்கையில் படித்தது. உலகத்தில் உள்ள எதையும் நான்கு பக்கத்தில் எழுதிவிடலாம் தோழர். பேசுவதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

என்னோடு சங்கத்தில் இருந்தவர்கள்தான் இந்த மூன்று பேரும். அதோ, டீக்கடை வண்டிப் பக்கம் நெட்டையாக நிற்கிறானே, அவன் சிக்கந்தர். டிங்கர். தகரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பூசணிக்காய் மாதிரி வளைப்பான், ஒரு நெளிசல் இருக்காது. பக்கத்தில் தொப்பி போட்டவன் தேவசகாயம், பெயிண்டர். ஊதா சேலை கட்டியிருப்பது வசந்தாமணி, சீட்டுத் தைக்கிறவர். கம்பெனியை விட்டு வந்து மூவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு ஷெட் போட்டார்கள். நான் அந்த ஷெட்டில் பங்குதாரர் இல்லை. பங்கு என்ற சொல்லே எனக்கு ஆகாது. தினமும் போவேன், அவ்வளவுதான்.

அங்கேதான் இந்தக் கார் வந்தது. பழைய பிளிமத். லாரியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தனசேகர் என்று ஒருவர், வெளிநாட்டுக்குத் திரைச்சீலை அனுப்புகிறவர். அவர் அப்பா ஓட்டிய கார். பஞ்சு குடோனில் கிடந்து கிடந்து கூடு மட்டும்தான் மிச்சம். அவர் கையில் ஒரு புத்தகம். அதில் அமெரிக்காக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த கார்களின் படங்கள். பழைய காரை வாங்கி, கூரையை அறுத்து, அதைத் தாங்குகிற தூண்களைக் குட்டையாக்கி, மறுபடி கூரையை வைத்துப் பற்றவைத்து, பின்பக்கம் மீன் வால் மாதிரி இழுத்துவிட்டு, கைப்பிடியெல்லாம் எடுத்துவிட்டு, பார்த்தால் உருகி ஓடுகிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

"இது மாதிரி வேணுமுங்க" என்றார் தனசேகர். "அந்த ஊர்ல இதையெல்லாம் பார்த்த உடனே, இது இன்னார் கட்டுனதுன்னு பேரச் சொல்லுவாங்களாமுங்க. கார் வச்சிருக்கறவன் பேரு யாருக்கும் தெரியாது. கட்டுனவன் பேருதான்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். என் காதில் அது இடி மாதிரி விழுந்தது. நாங்கள் கட்டிய பஸ்ஸில் எந்த ஊரில் யார் பெயரைச் சொன்னார்கள்? கம்பெனி பெயர் இருக்கும். முதலாளியின் மகள் பெயர் இருக்கும். கண்ணாடியில் கடவுள் பெயர் இருக்கும். சிக்கந்தர் பெயர் எங்கே? நான் அங்கேயே எழுந்து நின்று கோரிக்கை வைத்தேன். காரைக் கட்டுகிற மூவரின் பெயரும் உலகத்துக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் போராட்டம்.

தனசேகர் என்ன சொன்னார் தெரியுமா? "தாராளமா போட்டுடலாமுங்க ஐயா. இதுல என்னங்க இருக்குது?"

இந்தத் தந்திரம் எனக்குப் புதிதல்ல. போராடாமல் கிடைக்கிற உரிமைக்கு ஆயுசு கிடையாது. அதனால் ஒப்புதலை நிராகரித்துவிட்டுப் போராட்டத்தை அறிவித்தேன்.

மழைக்காலத்தில் ஆரம்பித்து ஐந்து மாதம் போராட்டம்தான். துண்டறிக்கை போட்டேன். 'கொப்புளம் எவன் கையில்? கோப்பை எவன் கையில்?' என்பது தலைப்பு. நன்றாக இருக்கிறதா? இன்னும் ஒரு கட்டு பையில் இருக்கிறது, போகும்போது தருகிறேன். தினமும் ஷெட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் முழக்கம். தனசேகர் வண்டி தெருமுனையில் தெரிந்தால் வாசலில் போய்ப் படுத்துவிடுவேன். அவரும் இறங்கி, "ஐயா, எந்திரிங்க, ஈரத் தரையில படுக்காதீங்க, சளி புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அந்த ஐந்து மாதத்தில் ஒரு முறைகூட அவரை உள்ளே விடவில்லை. அவ்வளவு உறுதியான மறியல்.

உள்ளே இவர்கள் மூவரும் வேலையை நிறுத்தவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் மரியாதையாக நடந்துகொண்டார்கள். சிக்கந்தர்தான் முதல் நாளே சொன்னான்:

"தோழரே, நின்னுட்டே கத்துனா இடுப்பு போயிரும். இதா, காருக்குள்ள ஒரு பொட்டி போட்டிருக்கறேன். அது மேல உக்காந்து கத்துங்க. எங்களுக்கும் பக்கத்துல கேக்கும்."

நியாயமாகப் பட்டது. கூரை இல்லாத கூட்டுக்குள் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து பேசினேன். என் இளமைக்காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சங்கத்துக் கூட்டங்களில்கூட இவர்கள் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை தோழர்! சிக்கந்தர் என் தலைக்கு மேல் குச்சியை வைத்துப் பார்ப்பான். முழங்காலைத் தொட்டு, "காலை நீட்டிப் பேசுங்க தோழரே, வசதியா இருங்க" என்பான். வசந்தாமணி ஒரு நாள் கையில் அளவு டேப்போடு வந்து, "ஏனுங் தோழர், முஷ்டியத் தூக்கி ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொருக்கா சொல்லுங்" என்றார். ஒரு வாசகத்தை மறுபடி கேட்கிற தொண்டரை இருபது வருஷமாக நான் பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. மூன்று முறை தூக்கிக் காட்டினேன்.

சும்மா உட்கார்ந்து பேசுவதால் கை காலியாக இருக்குமே என்று அவ்வப்போது எதையாவது பிடிக்கச் சொல்வார்கள். கூரையை இறக்கிப் பற்றவைத்த அன்று ஒரு முனையை நான்தான் பிடித்திருந்தேன். முதல் நாள் ஒரு தூணை அறுத்தது அரை விரல் கூடிவிட்டது என்று சிக்கந்தர் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டான். அதற்கு ஒட்டுத் துண்டு போடலாமா, பட்டி வைத்து மூடலாமா என்று பேச்சு. பட்டி என்றால் பெயிண்டுக்கு முன்னால் பள்ளத்தை நிரப்பும் பசை. "பட்டி வைத்தால் ஊரை ஏமாற்றுவது" என்று நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கடைசியில் மற்ற மூன்று தூணையும் அதே அளவுக்கு அறுத்துச் சரி செய்தான். இதற்கெல்லாம் காரின் மேல் எனக்கு ஆசை என்று அர்த்தம் இல்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது கொள்கை.

நிறத்திலும் ஒரு போராட்டம் நடந்தது. நான் சிவப்பு கேட்டேன். தனசேகர் போனில் நாவல்பழ நிறம் சொல்லியிருந்தார். தேவசகாயம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "தோழரே, செவப்புத்தான வேணும்? அடிக்கோட்டு செவப்புத்தான் அடிச்சிருக்கறேன். மேல நாவப்பழம். உள்ளுக்குள்ள நம்மாளுதான்" என்றான். எல்லா வண்டிக்கும் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் சிவப்புதான் அடிக்கிறார்கள், தெரியும். அதைத்தானே நான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! பாருங்கள், வெயில் படுகிற இடத்தில் அந்த நாவல்பழத்துக்குள் ஒரு சிவப்பு தெரிகிறதா? உங்களுக்குத் தெரியவில்லையா? இன்னும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சாயாமல்.

காரை ஒப்படைக்கிற காலை. பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அன்று ஒரு நாள் நல்லெண்ண அடிப்படையில் மறியலைத் தளர்த்தி தனசேகரை உள்ளே விட்டேன். காரை இரண்டு முறை சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். தலையை விட்டார். தலை போகவில்லை. காலை விட்டார். கால் போயிற்று, இடுப்பு போகவில்லை. மனிதர் ஆறடிக்கு மேல். பக்கவாட்டில் சரிந்து எப்படியோ உள்ளே போனார். முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது, கழுத்து கூரையில் மடங்கிக்கொண்டது. வெளியே எடுக்க மூவரும் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று.

"ஏனுங்க சிக்கந்தர்... யாருக்குங்க இது?"

"ஆளு அளவு எடுத்துத்தானுங்க கட்டுனோம்" என்றான் சிக்கந்தர். எங்கள் பஸ் ஷெட்டுகளில் வரைபடம் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஒரு ஆளை உட்கார வைத்து, அவன் தலைக்கும் காலுக்கும் பார்த்து அடித்துக்கொண்டு போவார்கள்.

"எந்த ஆளு?"

"ஷெட்டுல இருந்த ஆளுதானுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உயரத்தில் கொஞ்சம் சிக்கனமானவன். நீங்களே பார்க்கிறீர்கள்.

இதில் முதலாளிகளின் அலட்சியத்தைக் கவனியுங்கள் தோழர். ஐந்து மாதம்! ஒரு நாளாவது உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா? அதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். "எங்கீங்க விட்டீங்க?" என்று முனகினார். பொருத்தமான பதிலாக அது எனக்குப் படவில்லை.

அடுத்த சங்கடம், கண்காட்சி விதி. கார் தானே ஓடி நடுவர் மேடை முன்னால் வந்து நிற்க வேண்டும். ஓட்டி வந்தவர் இறங்கி மைக்கில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்காட்சிக்கு நாலு நாள்தான் பாக்கி. தனசேகர் உள்ளே போக முடியாது. அவர் டிரைவருக்குத் தொப்பை. சிக்கந்தர் பனைமரம். தேவசகாயத்துக்கு ஓட்டத் தெரியாது. வசந்தாமணி உட்கார்ந்து பார்த்து, "எனக்குச் சரியா இருக்குதுங்க, ஆனா காலு மிதிக்கறதுக்கு எட்டலைங்க. தோழருக்குத்தான் செஞ்சு வச்ச மாதிரி இருக்குது" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை.

அதாவது, இடிமுழக்கம் நாச்சிமுத்து ஒரு ஏற்றுமதி முதலாளியின் பிளிமத்தை ஓட்டிக்கொண்டு மேடை முன்னால் போக வேண்டும்!

"செயற்குழுவைக் கலந்துகொண்டுதான் சொல்ல முடியும்" என்றேன். "செயற்குழுவுல இப்ப யாரு இருக்கறாங்க?" என்றான் தேவசகாயம். நான் மட்டும்தான். ஆனாலும் ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டேன். விவாதம் கடுமையாக இருந்தது.

மறுநாள் நிபந்தனைகளை வைத்தேன். காரில் மூவர் பெயரும் பொறித்த பித்தளைத் தகடு. கண்காட்சியில் காரைச் சுற்றிக் கட்டுகிற கயிற்றுக்கு உள்ளே மூவரும் நிற்க வேண்டும். மைக்கில் நான் பேசுவதற்கு யாரும் தடை சொல்லக் கூடாது. தனசேகர் மூன்றுக்கும் உடனே சரி என்றார். பணிந்துவிட்டார் தோழர். ஐந்து மாதப் போராட்டத்தின் வெற்றி.

தகட்டைச் சிக்கந்தரே அடித்தான். பஸ்காரன் புத்தி, கட்டிய கம்பெனியின் தகட்டை பஸ்ஸில் எங்கே அடிப்பார்களோ அங்கேயே அடித்துவிட்டான். உள்ளே, முன்கண்ணாடிக்கு மேலே. பஸ் என்றால் அறுபது பேர் படிப்பார்கள். இதில் உட்கார்ந்து ஓட்ட முடிகிற ஒரே ஆள் நான். ஆக அந்தத் தகட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன். ரொம்ப நன்றாக அடித்திருக்கிறான். தினமும் படிக்கிறேன். தினமும் என்றால், ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வாரத்தில் சில நாள் உள்ளே உட்காருவது உண்டு.

அதனால் பெயரை மைக்கில் சொல்வதுதான் ஒரே வழி என்று ஆயிற்று.

போன வருஷம் ஓட்டி வந்தேன். என்ன சொல்ல! கதவு பஞ்சு மாதிரி மூடிக்கொண்டது. ஸ்டியரிங் கைக்குள் வந்து உட்கார்ந்தது. முஷ்டியை உயர்த்தினேன், கூரைத் துணியில் சரியாக என் முஷ்டி போகிற இடத்தில் மட்டும் ஒரு குழி விட்டுத் தைத்திருந்தார் வசந்தாமணி. இடிக்கவே இல்லை! கூட்டம் நான் கையசைப்பதாக நினைத்துக் கையசைத்தது. பரவாயில்லை.

இறங்கி மைக்கைப் பிடித்தேன். பெயரைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெயர்களின் பின்னணி மக்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? அதனால் எழுபத்தெட்டில் ஆரம்பித்தேன். எங்கள் முதல் வேலைநிறுத்தம். எண்பத்து மூன்றுக்கு வந்துகொண்டிருந்தேன், கூட்டம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது, சிலர் கண்ணை மூடிக்கூடக் கேட்டார்கள். மைக் செத்துவிட்டது. நடுவர்கள் நகரப் பார்த்தார்கள்.

அப்போது தனசேகர் குறுக்கே போய் நின்றார். "ஏனுங்க, நான் வெறும் பணம் போட்டவன். கட்டுனது இவங்க மூணு பேரு. எனக்கு இதுக்குள்ள உக்காரக்கூட முடியாதுங்க" என்றார். நடுவர்கள் சிரித்துவிட்டார்கள். சிக்கந்தரிடம் கூரையை எப்படி இறக்கினாய் என்று கேட்டு, அவன் கையை விரித்து விரித்துச் சொல்ல, குனிந்து கேட்டார்கள். இரண்டாம் பரிசு. தனசேகர் பேசியதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். இரண்டே வாக்கியம். அதில் வரலாறு எங்கே? மைக்கும் இல்லை, நாலு பேர் காதில்தான் விழுந்தது.

மறுநாள் பத்திரிகையில் படம். காருக்குள் நான். அடியில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? 'தனது காருடன் கரூர் தொழிலதிபர் நாச்சிமுத்து.' தொழிலதிபர்! மூவர் பெயரும் இல்லை. பத்திரிகைகள் எப்படிப் பொய் சொல்கின்றன என்பதற்குச் சாட்சியாக அதைக் கண்ணாடித்தாள் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பாருங்கள். படம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

இதற்குள் ஒரு வருத்தம் இருக்கிறது. வசந்தாமணி தன் மாமியாரை முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். மருமகள் கண்ட ஷெட்டில் ஆம்பளைகளோடு என்ன தைக்கிறாள் என்று வருஷக்கணக்காகப் பேசிய அம்மாள். "எல்லாஞ் சொன்னாரு அந்த ஆளு. உன்ற பேரச் சொல்லவே இல்லையே?" என்று கேட்டாராம். வசந்தாமணி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சிக்கந்தர்தான் சொன்னான். மைக்கை அணைத்ததன் விளைவு எவ்வளவு தூரம் போகிறது, பார்த்தீர்களா?

இந்த வருஷமும் அந்த அம்மாள் வந்திருக்கிறார். அதோ, இரண்டாம் வரிசை, வெற்றிலை மென்றுகொண்டு.

காலையில் சிக்கந்தர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "தோழரே, ஒண்ணே ஒண்ணு. பேர மொதல்ல சொல்லிப்போடுங்க. வரலாறு எங்கீங்க போகப்போகுது, அப்புறமா வரட்டும்." முன்னுரை இல்லாமல் பெயரா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். போராட்டத்தில் சில நேரம் ஓர் அடி பின்வாங்குவதும் தந்திரம்தான். சரி என்றேன்.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். நான் பேசும்போது பொத்தான் பக்கம் உங்கள் கை போகக் கூடாது. சத்தியம் வேண்டாம், சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தொழிலாளிக்குத் தொழிலாளி கொடுக்கிற வாக்கு போதும்.

இதுதானா மைக்? கொடுங்கள், பிடித்துப் பார்க்கிறேன். ஒயரே இல்லையே, நல்ல ஏற்பாடு, பிடுங்க முடியாது. இந்தப் பச்சை விளக்கு என்ன? தயார் என்று அர்த்தமாக இருக்கும். நீங்கள் தலையாட்டுகிறீர்கள், சரி. அணைந்திருக்கும்போதே ஒரு தடவை சொல்லிப் பழகிக்கொள்கிறேன். மூன்று பெயர்தானே.

இந்தக் காரைக் கட்டியவர்கள். டிங்கர் வேலை, கரூர் சிக்கந்தர். பெயிண்ட், கரூர் தேவசகாயம். சீட்டும் கூரைத் துணியும், கரூர் வசந்தாமணி.

அவ்வளவுதான். ரொம்பச் சின்னதாக இருக்கிறது, இல்லையா? ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் தோழர் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள்? மந்திரி யாராவது வந்துவிட்டாரா? எதற்குக் கை தட்டுகிறார்கள்? சிக்கந்தர் ஏன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைக்கிறான்? அந்த அம்மாளைப் பாருங்கள், எழுந்து நின்று பக்கத்தில் இருக்கிறவளிடம் வசந்தாமணியைக் கைகாட்டுகிறார். என்ன நடக்கிறது இங்கே?

ஆனிலா இருக்கிறது? எப்போதிருந்து?

அப்படியா.

சரி, நல்லது. அப்படியானால் அணைக்காதீர்கள், கூட்டம் தயாராக இருக்கிறது. பெயர் முடிந்துவிட்டது, இனிமேல் வரலாறு. தோழர்களே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு, சித்திரை மாதம், கரூரில்... தோழர்? தோழர், அந்தப் பச்சை விளக்கு எங்கே போயிற்று?